மொட்டை நோட்டீசும் நம் மானமும்

கொற்கைக் கரையில் முத்துக்குளித்த காலத்தில், எடுத்த சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும், ஈ மொய்க்கும். ஆயினும் மக்கள் பொறுத்துக்கொண்டனர். அழுகியதைக் கழுவினால் அடியில் முத்து இருக்கும் என்ற நம்பிக்கைதான். 1961க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. நாற்றம் மட்டும் நின்றபாடில்லை. உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால், கரையோர ஊர்களின் தெருக்களில் அது மீண்டும் வீசத் தொடங்குகிறது. இப்போது அழுக விடப்படுவது மனிதரின் மானம். எவ்வளவு கழுவினாலும் அடியில் முத்து ஒன்றும் கிடைப்பதில்லை.

சட்டமன்றத் தேர்தலில் வசைபாடுவோர் மேடை கலைந்ததும் காரேறி வேறூர் போய்விடுவர். வார்டுத் தேர்தல் அப்படியா? எதிர்த்து நிற்பவர் மாமன் மகனாக இருப்பார். அல்லது ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவராக இருப்பார். அவருடைய பணியைப் பற்றிப் பேச ஒன்றும் கிடைக்காதபோது, பாட்டனார் கடன்பட்ட கதை வெளியே வருகிறது. மகளின் நிக்காஹ் முறிந்த கதை வருகிறது. சுபுஹுத் தொழுகைக்குக் கதவைத் திறந்தால், வாசலில் மொட்டை நோட்டீஸ் கிடக்கிறது. எழுதியவர் பெயரில்லை, அச்சிட்டவர் பெயருமில்லை. இன்று அதற்குக் காகிதமும் தேவைப்படவில்லை. வாட்ஸ்அப் வழியாக, மருமகன் வேலை பார்க்கும் துபாய் வரை நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. நம் வீட்டுப் பெண்களும் துணிந்து முன்வந்தனர். எங்கள் உறவில் லாத்தா ஒருவர் நின்றார். குப்பையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் வீடு வீடாகச் சென்று பேசினார். எதிரணியினர் அதற்கு மறுமொழி கூறவில்லை. "இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்?" என்று மட்டும் கேட்டு வைத்தார்கள். லாத்தா வென்றார். ஆனால் அவருடைய வாப்பா பல நாள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. "இனி எந்தத் தேர்தலுக்கும் என்னை அழைக்காதீர்கள்" என்று லாத்தா சொல்லிவிட்டார். அவதூறு வாக்கில் தோற்றது, நோக்கத்தில் வென்றுவிட்டது!

புறங்கூறுவதை, இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பாகத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் காட்டுகிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஜும்ஆப் பிரசங்கத்தில் இவற்றைக் கேட்டுத் தலையசைத்தவர்களே மாலையில் நோட்டீசைக் கை மாற்றுகிறார்கள். என்னே நம் மார்க்கப் பற்று!

"அப்படியானால் வேட்பாளரைக் குறை கூறவே கூடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். கூற வேண்டும் என்றே சொல்கிறோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுக்கின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்கு உரியவரல்லர். அது பிராமணர் சபைக்குரிய விதியே. எனினும் கணக்குக் கேட்கும் நெறி எல்லோர்க்கும் பொது. நம் பாண்டி நாட்டிலேயே, திருநெல்வேலியை அடுத்த மானூரில், ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முந்திய கல்வெட்டு ஒன்று உண்டு. சபையில் எதை எடுத்தாலும் மறுத்துக்கொண்டே இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது அது. வெறும் எதிர்ப்பும் கேள்வி கேட்டலும் வெவ்வேறென்று அந்தச் சிற்றூர் அன்றே அறிந்திருந்தது.

இன்றைய சட்டமும் அறியும். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று அறிந்தே வெளியிடுவதை 1920 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆம் பிரிவு அதையே சொல்கிறது. இது நகராட்சித் தேர்தலுக்கும் பொருந்தும். ஆனால் அபராதத்தோடு முடிவது அத்தண்டனை. பெயரில்லாத நோட்டீசுக்கு எவரைப் பிடிப்பது?

2016இல் நடைபெற வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர்நீதிமன்ற ஆணையால் நின்றது. நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் நமக்கு மன்றமே இல்லை. அத்தனை காலம் காத்துப் பெறும் வாக்கையா வம்புக்குச் செலவிடுவது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மழையை எந்த மன்றமும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெள்ளம் எவருடைய பாட்டனார் எவர் என்று விசாரித்து வீட்டுக்குள் நுழையவில்லை.

பெருமக்களே, தாய்மார்களே! அடுத்த முறை வாசலில் நோட்டீஸ் கிடந்தால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், கிழித்தெறியுங்கள். கைப்பேசியில் வந்தால் அனுப்பியவர் எவராயினும், "இதற்குச் சாட்சி யார்?" என்று கேளுங்கள். வேட்பாளர் வந்தால் வடிகால் எங்கே, குடிநீர் எப்போது, கணக்கு எங்கே என்று கேளுங்கள். வாசலில் வாங்குவோர் இல்லையேல் இந்தச் சரக்கை எவரும் விற்கமாட்டார்.