இருபது வயதில் பிரஷரா?



விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் பொறியியல் கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவிலேயே வேலை கிடைத்துவிட்டது. சேரும் முன் மெடிக்கல் செக்கப்புக்குப் போனால், ரத்த அழுத்தம் 150/100. மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று மறுவாரம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு. “எங்க வீட்ல மாமியாருக்குத்தான் பிரஷர் மாத்திரை வாங்குவோம். பையனுக்கு இருக்குன்னு சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாம பாத்துக்கிறோம்” என்று எழுதியிருக்கிறார்.

அந்த 150-ஐவிட ‘யாருக்கும் தெரியாம’ என்ற வார்த்தைதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தது. நாடு முழுவதும் பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் அழுத்தம் அதிகமாக இருந்தது, அல்லது அவர்கள் அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கணக்கில் வயதானவர்களே அதிகம் என்றாலும் கல்லூரிப் பிள்ளைகளும், வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆனவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். அந்த அம்மாவின் மகன் தனி ஆள் இல்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. பெரியவர்களுக்கு 140/90-ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம் என்று நம் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 130/80-லிருந்தே உயர் ரத்த அழுத்தமாகக் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017இல் வழிகாட்டியது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பொருந்தா. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அதற்குரிய அட்டவணையில்தான் மருத்துவர் ஒப்பிடுவார்.

ஒரே ஒரு தடவை அளவு ஏறியிருந்தால் வியாதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊரில் பி.பி. பார்க்கிற விதம் உங்களுக்குத் தெரியும். பையன் வெயிலில் பஸ் பிடித்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்வான். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். கால்மேல் கால். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, “எந்த ஊருப்பா? சாப்ட்டியா?” என்று கேட்டுக்கொண்டே காற்றை ஏற்றுவார்கள். அவனும் பதில் சொல்வான். இதில் ஒவ்வொன்றுமே அளவைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் ஆகாது. சிறுநீர் கழித்துவிட்டு வருவது நல்லது. பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகத் தெரியும். “இந்தக் கைக்குப் பெரிய பட்டை இருக்கா சிஸ்டர்?” என்று கேட்பதில் தப்பில்லை. சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறும். அதனால்தான் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது பார்க்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவியை வைத்து, தூக்கத்திலும் அளவு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் அளவு கூடுதலாகவே இருந்தால், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். “டென்ஷன்ல ஏறியிருக்கும், தன்னால எறங்கிடும்” என்று சொல்லி இரண்டு மூன்று வருஷத்தை ஓட்டிவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, மயக்கம் வராது, ஒரு அறிகுறியும் காட்டாது. ஆனால் உள்ளே பாதிப்பு நடந்துகொண்டிருக்கலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்கிற சிற்றூரின் பிள்ளைகளை டாக்டர் ஜெரால்ட் பெரன்சன் 1970களில் பரிசோதிக்கத் தொடங்கி, அவர்கள் பெரியவர்களான பிறகும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். இளம் வயதிலேயே விபத்து முதலான காரணங்களால் இறந்துபோன சிலரின் உடல்களை ஆராய்ந்தபோது, ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு அப்போதே தொடங்கியிருந்தது. ரத்த அழுத்தமும் எடையும் கொழுப்பும் கூடுதலாக இருந்தவர்களிடம் அந்தப் படிவும் கூடுதலாக இருந்தது. ஐம்பது வயதில் வரும் மாரடைப்பின் ஆரம்பம் பள்ளிக்கூட வயதிலேயே இருக்கலாம் என்பதை உலகம் தெளிவாகப் புரிந்துகொள்ள இந்த ஆய்வு உதவியது.

இளம் வயது பிரஷரில் பெரியவர்களிடமிருந்து வேறுபடும் விஷயம் ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்காரருக்குப் பிரஷர் என்றால் பெரும்பாலும் நேராக மாத்திரை எழுதுவார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கோ இருபது வயதுப் பையனுக்கோ என்றால், ‘ஏன் வந்தது?’ என்ற கேள்வியை ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு முக்கியமான காரணம். காலையில் முகம் உப்பியிருப்பது, சிறுநீரில் நுரை நிற்பது, காலில் வீக்கம் எல்லாம் அதற்கான தடயங்கள். இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி பிறவியிலேயே ஓர் இடத்தில் குறுகியிருக்கும் பிள்ளைகள் உண்டு. கையில் பிரஷர் ஏறியும் காலில் நாடி மெலிந்தும் இருந்தால் மருத்துவர் அதைச் சந்தேகிப்பார். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின், தைராய்டு, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் என்று இவற்றிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்தால் சிலருக்குப் பிரஷரே போய்விடும். இந்த வாய்ப்பை ‘வெளியே தெரிந்துவிடுமே’ என்ற பயத்துக்காக இழந்துவிடாதீர்கள்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாத இன்னொரு விஷயம், வாயில் என்னென்ன போகிறது என்பது. மூக்கடைப்புக்குத் தானாக வாங்கிப் போடும் மாத்திரை, மாதக்கணக்கில் சாப்பிடும் வலி மாத்திரை, ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள் எல்லாமே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. நாட்டு மருந்துதானே என்று தினமும் அதிமதுரம் எடுத்துக்கொண்டாலும் ஏறும். ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்குத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பை ஏற்றுவதற்காக யாரோ தரும் ஊசியும், பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கிற பவுடரும் உங்கள் ரத்தக் குழாய்களைப் பாடுபடுத்தும். எனர்ஜி டிரிங்க் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். பரீட்சைக்கு முந்தைய இரவு அதைக் குடித்துவிட்டு விடிய விடியப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரும்பாலான இளைஞர்களுக்குத் தனிக் காரணம் எதுவும் அகப்படாது. பெற்றோர் வழி, கூடிய எடை, உப்பு, தூக்கக்குறைவு, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் சேர்ந்துதான் பிரஷரைக் கொண்டுவந்திருக்கும். மருத்துவமனையைவிட வீட்டுக்கு இங்கே வேலை அதிகம்.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. நம் சமையலில் சோற்றுக்கு உப்பு, மாவுக்கு உப்பு, சாம்பாருக்கு, ரசத்துக்கு, பொரியலுக்கு என்று போட்டு முடித்து, தயிர்சாதத்துக்கும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் மோர்மிளகாயும் வைக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டிலேயே அந்த டீஸ்பூன் தீர்ந்துவிடும். சாயங்காலம் மிக்சர், சிப்ஸ், நூடுல்ஸ். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று ஒரு வரி இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு வந்துவிடும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்துப்புக்கு மாறிவிட்டோம், அதனால் பயமில்லை என்று பலர் எழுதுகிறீர்கள். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அளவைக் குறைக்காமல் உப்பை மாற்றி லாபமில்லை. கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வீடுகளில் நடப்பதைப் பார்த்துத்தான் எனக்கு ஆதங்கம். பையனுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் உப்பில்லாக் குழம்பு. மற்றவர்கள் அவன் எதிரிலேயே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, “உனக்குத்தான் ஆகாதே” என்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளையை இதைவிடப் புண்படுத்த வேறு வழி தேவையில்லை. அவன் வெளியே போய்ப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வருவான். வீட்டுக்கே ஒரே குழம்பு வையுங்கள், எல்லோருக்கும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி என்று ருசிக்கு நம்மிடம் குறைவா என்ன? சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அப்பாவுக்கும் பாட்டிக்கும் அதனால் கிடைக்கும் நன்மை தனி. எடை விஷயத்திலும் அப்படித்தான். ‘குண்டு’ என்று கூப்பிட்டு யாரையும் இளைக்க வைத்துவிட முடியாது. சாயங்காலம் அவனுடன் சேர்ந்து அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடும் விளையாட்டு வேண்டும். இரவில் எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இவை இரண்டும் ஆடம்பரம் என்பது போலத்தான் நம் பள்ளிகள் நடந்துகொள்கின்றன. பிளஸ் டூ வந்தால் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். விடிகாலை டியூஷன், ராத்திரி ஒன்பது மணி வரை ஸ்டடி, நுழைவுத் தேர்வுக்குத் தனிக் கோச்சிங். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். விளையாட்டுப் பீரியட் என்ன ஆச்சு என்றும் கேளுங்கள். பிரஷர் இருக்கிற பிள்ளையும் விளையாடலாம், விளையாட வேண்டும். அளவு மிகவும் ஏறியிருக்கும்போது மட்டும் கட்டுக்குள் வரும்வரை கனமான எடை தூக்கும் பயிற்சியைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

மாத்திரை எழுதினால் கலங்க வேண்டாம். அதை நாமாக நிறுத்தவும் கூடாது. “அளவு சரியாயிடுச்சு, இனிமே எதுக்கு?” என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். மாத்திரை வேலை செய்வதால்தான் அளவு சரியாக இருக்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, சில மாதங்கள் அளவு நன்றாகவே இருந்தால் மருத்துவரே மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பார்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வரன் பார்க்கும் நேரத்தில் பிரஷரை மறைக்கிறோம், கல்யாணம் ஆனதும் புகுந்த வீட்டிலும் மறைக்கச் சொல்கிறோம். மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறாள், அல்லது நிறுத்தியே விடுகிறாள். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பரவலான பிரஷர் மாத்திரைகள் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆகாதவை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொன்னால் பாதுகாப்பான மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பார். சொல்லாமல் விட்டால் கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறி வலிப்பு வரை போய், தாய் சேய் இரண்டு பேருக்குமே ஆபத்தாகலாம். மறைத்துச் செய்யும் கல்யாணத்தைவிடச் சொல்லிச் செய்யும் கல்யாணம் தாமதமானாலும் பரவாயில்லை.

கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போனாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விழுப்புரத்து அம்மாவுக்கு இது: மகனை அழைத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், கிரியாட்டினின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவனுக்கு வேலை போகாது, வாழ்க்கையும் போகாது. மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகிற பிள்ளை இருந்தால், அடுத்த தடவை ஜலதோஷத்துக்கு மருத்துவரிடம் போகும்போது பி.பி.யும் பார்க்கச் சொல்லி, அந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்