அந்தத் துப்பாக்கி யாருடையது?

மேற்கு மாம்பலத்தில் வாழும் நமக்குத் துப்பாக்கி அன்றாடம் கண்ணில் படும் பொருள் அல்ல. துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டி தி.நகர் உஸ்மான் சாலைப் பக்கம் போனால், நகைக்கடை வாசலிலோ வங்கி வாசலிலோ இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளியைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அவர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவராக இருப்பார். தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமம் பெற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற செய்தியை நாளிதழில் படிக்கிறோம். இதற்கு மேல் துப்பாக்கி பற்றி நாம் சிந்திப்பதில்லை.

தனியார் கையில் ஆயுதம் இருப்பதை நம் நாட்டுச் சட்டம் கடுமையாகவே கட்டுப்படுத்துகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை, 2019ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய அரைத் தானியங்கி ரைஃபிள்களைச் சட்ட விதிகள் தனியான, மிகவும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. சாதாரணக் குடிமகனுக்கு அது கிடைக்காது என்றே சொல்லலாம். அது நல்லதுதான்.

ஆனால் அத்தகைய துப்பாக்கி ஒன்று நம் மாநிலத்தில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்துவருகிறது. ஏ.கே. 47 பற்றிப் பேசாதவர்கள் இல்லை. இந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அதன் பெயர் எஸ்.எல்.ஆர்.

போரில் பிறந்தது

எஸ்.எல்.ஆர். என்றால் தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் என்று பொருள். ஒரு தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவின் விசையே அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும். சுடுபவர் ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால் போதும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு குண்டு. அதனால்தான் இதை அரைத் தானியங்கி என்கிறோம்.

1962இல் சீனாவுடன் நடந்த போரில் நம் வீரர்கள் பழைய .303 ரைஃபிள்களோடு பனிமலையில் நின்றார்கள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் தாழை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அந்தத் தோல்வி கற்றுத்தந்த பாடங்களில் ஒன்று, வீரர்களுக்கு நவீன ரைஃபிள் வேண்டும் என்பது. பெல்ஜியத்தில் உருவான எஃப்.ஏ.எல். என்ற துப்பாக்கியை முன்மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 1960களில் நமக்கான எஸ்.எல்.ஆரைச் செய்யத் தொடங்கியது. 1971 போரில் நம் வீரர்களின் முதன்மையான ரைஃபிள் அதுவே.

அதைச் சுமந்தவர்களின் கருத்து இரண்டு விதமாக இருக்கும். நம்பி எடுத்துப் போகலாம், மண்ணிலும் மழையிலும் கைவிடாது, தொலைவில் இருப்பவரையும் ஒரே குண்டில் வீழ்த்தும் என்பது புகழ்ச்சி. நாலு கிலோவுக்கு மேல் எடை, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், தோளில் உதைக்கும், மேகசினில் 20 தோட்டாக்கள்தாம் என்பது குறை. 1987இல் இலங்கை சென்ற இந்திய அமைதிப் படையினர் இந்தக் குறையை யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளிலும் வன்னிக் காடுகளிலும் உணர்ந்தார்கள். எதிரே இருந்தவர்களிடம் குட்டையான, தொடர்ந்து சுடும் ஏ.கே. 47கள் இருந்தன. 1,100க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். 1990களில் ராணுவம் படிப்படியாக இன்சாஸ் ரைஃபிளுக்கு மாறியது. நம் திருச்சியின் படைக்கலத் தொழிற்சாலையும் அதைத் தயாரித்தது.

காவல்துறைக்கு வந்த வழி

ராணுவம் விட்ட துப்பாக்கி காயலான் கடைக்குப் போகவில்லை. துணை ராணுவப் படைகளுக்கும் மாநிலக் காவல்துறைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில், காவலர்கள் பழைய ஆயுதங்களோடு ஏ.கே. 47களை எதிர்கொண்டதை நாடே பார்த்தது. காவல்துறைக்கு நல்ல ஆயுதம் கொடுங்கள் என்ற குரல் எங்கும் எழுந்தது. நியாயமான குரல் அது. கையாலாகாத ஆயுதத்தைக் கொடுத்து ஒரு காவலரைச் சாவின் முன் நிறுத்துவது அநீதி.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயங்கரவாதியை மனத்தில் வைத்துக் கொடுத்த ஆயுதமும், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தப் போகும்போது எடுக்கும் ஆயுதமும் ஒரே கிடங்கில்தான் இருக்கின்றன. எது வெளியே வரும் என்பதை அன்றைய அவசரம் முடிவு செய்கிறது. எஸ்.எல்.ஆரின் 7.62 மி.மீ. குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. பல நூறு மீட்டர் தொலைவில் இருக்கும் எதிரிப் படையினரை வீழ்த்தச் செய்யப்பட்டது அது. அருகில் இருப்பவரின் உடலைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடியது. போர்க்களத்தில் அது அதன் சிறப்பு. மக்கள் நிறைந்த தெருவில் அதுவே கொடுமை.

டெர்ரியிலும் தூத்துக்குடியிலும்

இதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு குடிமை உரிமை ஊர்வலத்தின்மீது பிரித்தானிய ராணுவத்தினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள்; காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அவர்கள் கையில் இருந்தது இதே எஃப்.ஏ.எல். குடும்பத்தைச் சேர்ந்த, பிரித்தானியாவில் எஸ்.எல்.ஆர். என்றே அழைக்கப்பட்ட ரைஃபிள். ஒருவரைத் துளைத்து வெளியேறிய குண்டு மற்றொருவரையும் கொன்றது விசாரணையில் தெரியவந்தது. உயிருக்குப் போராடிய இளைஞரைத் தூக்கி வந்தவர்களுக்கு முன்னால், இரத்தக்கறை படிந்த வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தபடி குனிந்து வந்த அருள்தந்தை எட்வர்ட் டேலியின் படம் உலகம் முழுவதும் சென்றது. அவர் பின்னர் அதே மறைமாவட்டத்தின் ஆயரானார்.

அதே ஆண்டில் நடந்த முதல் விசாரணை ராணுவத்தினரைப் பெருமளவில் காப்பாற்றியது. இறந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று சவில் பிரபுவின் அறிக்கை சொன்னதும், பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதும் 2010 ஜூன் மாதத்தில்தான். 38 ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரி நடந்த போராட்டத்தின் 100ஆம் நாள். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயப் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். அன்றும் மறுநாளும் நடந்த காவல்துறை நடவடிக்கையில் 13 பேர் உயிரிழந்தார்கள். சாதாரண உடையில் ஒருவர் காவல் வேனின் கூரைமேல் ஏறி நீண்ட ரைஃபிளால் குறிபார்த்த காட்சியை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று பயன்பட்ட ஆயுதங்களில் எஸ்.எல்.ஆரும் இருந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கலைந்து ஓடியவர்கள்மீதும் சுடப்பட்டதை அது சுட்டிக்காட்டியது. ஒரே காவலர் 17 சுற்றுகள் சுட்டதைக் குறிப்பிட்டது. காவல்துறையினர் 17 பேர்மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

அன்று ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன என்பதையும் மறக்கக் கூடாது. பெருங்கூட்டத்தின் முன் நின்ற காவலர்களின் அச்சம் பொய்யானதல்ல. ஆனால் அவர்கள் கையில் இருந்தது போர் ஆயுதம். அச்சமும் போர் ஆயுதமும் ஓரிடத்தில் சேரும்போது, தவறு ஒன்று நடந்தால் அதன் விலை ஓர் உயிரோடு நிற்பதில்லை.

உரிமையாளரின் கருத்து

தனியார் துப்பாக்கி வைத்திருக்கும் நாடுகளில் உரிமையாளர்களின் கருத்துக்கு மதிப்பு உண்டு. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்தவர்களில் 51 பேர் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளால் கொல்லப்பட்டார்கள். சட்டம் மாறும்வரை காத்திராமல், அங்கே ஒரு விவசாயி தம் அரைத் தானியங்கி ரைஃபிளைத் தாமாகவே காவல்துறையிடம் ஒப்படைத்தார். பண்ணையில் அது சில வேளைகளில் பயனுள்ள கருவிதான், ஆனால் தமது வசதியைவிட அது தவறாகப் பயன்படும் ஆபத்தே பெரிது என்று அவர் சொன்னார். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 50,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் இழப்பீடு பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் எஸ்.எல்.ஆரின் உரிமையாளர் யார்? அதைச் சுமந்த ராணுவ வீரர் அல்ல. பணிக்குப் போகும்போது கையெழுத்திட்டு வாங்கி, திரும்பியதும் ஒப்படைக்கும் காவலரும் அல்ல. நம் வரிப்பணத்தில் செய்து, நம் பெயரால் வைத்திருக்கும் துப்பாக்கி அது. அப்படியானால் உரிமையாளர்கள் நாம்தான். அந்த விவசாயி தம் துப்பாக்கியைப் பற்றித் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வியை, நம் துப்பாக்கியைப் பற்றி நாம் கேட்டதுண்டா?

சட்டமும் இந்த இடத்தில் மௌனமாகவே இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க யார் ஆணையிடலாம் என்று முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. ஆயுதப்படையை அழைக்க நேர்ந்தால் இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும் என்றும் உள்ளது. எந்தத் துப்பாக்கியை எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போகக் கூடாது என்று அதில் இல்லை. 1990இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளோ, தேவையற்ற காயத்தையும் ஆபத்தையும் விளைவிக்கும் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் காவல் பணியில் தடை செய்யும் விதிகள் ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உயிர்பறிக்கும் வகையில் சுடலாம் என்கின்றன.

நாம் என்ன கேட்கலாம்?

நாம் கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. மக்கள் கூடும் இடங்களுக்குச் செல்லும் காவலர்களுக்குப் போர் ரைஃபிள் வழங்கக் கூடாது என்று தெளிவான விதி வேண்டும். பயங்கரவாதத்தை எதிர்கொள்ளும் பிரிவுக்கான ஆயுதக் கிடங்கும், கூட்டக் கட்டுப்பாட்டுக்கான கிடங்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்தால், எந்த ஆயுதம், யார் ஆணை, எத்தனை சுற்று என்ற பதிவேடு குறிப்பிட்ட நாட்களுக்குள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். உயிர்பறிக்காத முறைகளில் காவலர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும். கடைநிலைக் காவலரும் நம் வீட்டுப் பிள்ளையே. தவறான ஆயுதத்தை அவர் கையில் கொடுத்து, பின்னர் பழியையும் அவர்மீதே போடுவது அவருக்கும் இழைக்கும் அநீதி.

இவற்றைக் கேட்க நாம் தூத்துக்குடியில் வாழ வேண்டியதில்லை. நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் சாலை, குடிநீர், மழைநீர் வடிகால் பற்றி மனு கொடுக்கிறோம். அதே மனுவில் இந்தக் கேள்வியையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். பங்குப் பேரவையிலும், அன்பியக் கூட்டத்திலும், குடியிருப்போர் நலச் சங்கத்திலும் இது பற்றிப் பேசலாம். மற்ற சமயத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாரும் இதில் நம்மோடு நிற்பார்கள். ஏனெனில் குண்டு யாருடைய சமயத்தையும் கேட்டுப் பாய்வதில்லை.

டெர்ரி மக்கள் உண்மைக்காக 38 ஆண்டுகள் காத்திருந்தார்கள். தூத்துக்குடியில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்னும் நீதிக்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஊர்வலம் எந்த ஊரில், எதற்காக நடக்கும் என்று நமக்குத் தெரியாது. அன்று காவலர் கையில் எது இருக்க வேண்டும் என்று உரிமையாளர்களாகிய நாம் இன்றே சொல்லிவிடலாமே. சிந்திப்போம், கேட்போம்.