கானகத்துப் பெட்டியும் ஓர் உம்மாவின் கேள்வியும்

 

பேரனை அழைத்துச் செல்ல மதரஸா வாயிலுக்கு வந்த ஒரு முதிய உம்மா, சென்ற மாதம் என்னைக் கண்டதும் கண்கலங்கி நின்றார். "ஹஜ்ரத், ஓரிகனில் வேலை பார்க்கும் என் மகன், விடுமுறை தோறும் காட்டுக்குள் போய் யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடுகிறானாம். அது சூதா? பிறர் பொருளா? எனக்குத் தூக்கமே இல்லை" என்றார். பெற்ற மனத்தின் கலக்கத்தை அற்பமென்று தள்ள இயலுமா? மகனிடமே தொலைபேசியில் விசாரித்தேன்.

ஜியோகேச்சிங் என்பது இவ்விளையாட்டின் பெயர். பிறந்ததும் அதே ஓரிகன் மாநிலத்தில்தான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள், நாம் நிற்குமிடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கணிக்க உதவுகின்றன. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் அந்நாட்டரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கிற்று. மே 3ஆம் நாளே டேவ் அல்மர் என்பவர் பீவர்க்ரீக் என்னும் ஊரருகே ஒரு வாளியை ஒளித்து வைத்து, இடக்குறிப்பை இணையத்தில் அறிவித்துவிட்டார். உள்ளே குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், அவரை அடைத்த ஒரு தகரடப்பா! கண்டெடுப்பவர் பெயரை எழுதவேண்டும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்து வைக்கவேண்டும்.

இம்மகன் செல்வது, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் ஒரு காட்டுச் சுற்றுப்பாதை. இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும் என்பது விதியாதலால், ஒரே பாதையில் பல பெட்டிகள் உண்டு. ஊசியிலை மரங்கள் வானை மூடிய இடங்களில் சைகை தளர்ந்து, கருவி காட்டும் புள்ளி அங்குமிங்கும் அலையுமாம். பிறகு கண்தான் துணை. பட்டுப்போன அடிமரத்தின் பொந்து, இயல்புக்கு மாறாக அடுக்கப்பட்ட சுள்ளிகள் ஆகியவற்றை உற்றுநோக்க வேண்டும். (பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி, கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாக அறிய ஊர்களின் ரேகைகளைக் கணித்து நூலெழுதினார் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.)

சூது இதில் இல்லை. பந்தயமோ பணயமோ கிடையாது. கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிக்கவேண்டும் என்ற நபிமொழி, உரியவர் தவறவிட்ட பொருளைப் பற்றியது. இங்கே உரியவரே எடுத்துக்கொள்ள அனுமதித்து வைத்திருக்கிறார். ஆனால் அவர் விதித்த நிபந்தனை நம்மைக் கட்டுப்படுத்தும். நல்லதை எடுத்துக்கொண்டு உடைந்ததை வைப்பது மோசடியே.

என் கவலை வேறொன்று. "தம்பி, அஸர் தொழுகை?" என்று கேட்டேன். மறுமுனையில் மௌனம். டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். ஃபிலிம் சுருள் டப்பாவொன்றைத் தேடித் தேடி ஒருநாள் அஸரைத் தவறவிட்டதை ஒப்புக்கொண்டார். கானகத்தில் தொழத் தடையேதும் இல்லையே! இனி விரிப்பொன்றும் ஒளு செய்யத் தண்ணீரும் உடன் எடுத்துச் செல்வதாகவும், காலையிலேயே புறப்படுவதாகவும் சொன்னார். உம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. அஸர் தவறியதையும் சொன்னேன். அதற்கு அன்றிரவே மகனைத் திட்டித் தீர்த்தாராம்.

மறுவாரம் உம்மா மீண்டும் வந்தார். கையில் விரலளவே ஆன பனையோலைக் கொட்டான் ஒன்று. "தின்பண்டம் வைக்கக்கூடாதாமே, மிருகங்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுமாம். இதை வைக்கலாமல்லவா ஹஜ்ரத்?" என்றார்.