மூலையைச் சுரண்டும் ஜெர்பில் விளையாடவில்லை

போன வருசம் நாங்கள் ஒரு வீடியோ போட்டோம். திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இருக்கிற வாடகை வீட்டின் முன்னறை. மேசையில் ஒரு கம்பிக்கூடு. அதுக்குள்ள கபில நிறத்தில் ஒரு ஜெர்பில், கூட்டின் மூலையை முன்னங்கால் இரண்டாலும் படபடவென்று சுரண்டிக்கொண்டே இருக்கும். பின்னால தவில் அடியைச் சேர்த்து, "பெடியன் கிணறு வெட்டுறான்" என்று தலைப்பும் வைத்தோம். நல்லா ஓடிச்சு. சிரிச்ச முகங்கள் நிறைய வந்து விழுந்தது.

அந்த வீடியோவை இப்ப அழிச்சிட்டோம். ஏன் அழிச்சோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். ஜெர்பிலோ ஹாம்ஸ்டரோ வாங்க யோசிக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுத்து இதை வாசிச்சிட்டுப் போங்கோ.

ஜெர்பில் தெரியாதவைக்கு: அது வால் நீண்ட, வாலில் மயிர் உள்ள சின்ன எலி வகை. செல்லப்பிராணியாக விற்கிறது மொங்கோலியா, வட சீனாப் பக்கத்து வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த இனம். எங்கட வீட்டுக்கு வந்தது இரண்டு, அண்ணன் தம்பி. வெளிநாடு போன நண்பன் ஒருத்தன், "மச்சான், இதுகளைப் பார்த்துக்கொள்ளுங்கோடா" என்று கூட்டோட தந்திட்டுப் போனவன். கடையில் எலியோட சேர்த்துக் கொடுத்த கூடு அது. நிறநிறமான பிளாஸ்ரிக் அடித்தட்டு, சுத்திவரக் கம்பி, ஏணி, ஓடுகிற சில்லு, அடியில் இரண்டு விரல் அளவுக்கு மரத்தூள். பார்க்க நல்ல வடிவு. எங்களுக்கும் அதில் ஒரு பிழையும் தெரியேல்லை.

பிழை இரவில்தான் தெரிஞ்சுது. சுரண்டல் நிற்கவே இல்லை. ஒரே மூலை, ஒரே வேகம். கொஞ்சம் நிறுத்தும், கம்பியைக் கடிக்கும், திரும்பவும் அதே மூலைக்கு வரும். சின்னவனுக்கு மூக்குக்கு மேல மயிர் உதிர்ந்து சிவந்துபோச்சு. அதுக்குப் பிறகுதான் இது விளையாட்டா என்று எங்களுக்குள்ள கேள்வி வந்து, தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

கிறிஸ்தோப் வீடன்மாயர் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கு. ஜெர்பில் குட்டிகள் ஏன் இப்படி விடாமல் தோண்டுது என்று பார்த்தவர். தோண்ட மண் இல்லாததால்தான் என்று நாங்கள் நினைத்தது போலத்தான் யாரும் நினைப்பினம். ஆனால் தோண்ட நல்லா உலர்ந்த மணல் கொடுத்த குட்டிகளும் அதே மாதிரிச் சுரண்டப் பழகின. சுரங்கம் போல ஒரு வழியும் அதன் முடிவில் இருட்டான அறையும் செய்து கொடுத்த குட்டிகளோ, தோண்ட மணல் இல்லாமலேயே, அப்படிப் பழகவில்லை. அந்த எலி தேடுறது போய் ஒளிக்கிற வளையை. எவ்வளவு சுரண்டினாலும் வளை கிடைக்காதபடியால் சுரண்டலும் முடியிறதில்லை.

இதைப் படிச்ச அண்டைக்கு எங்களுக்குச் சாப்பாடு இறங்கேல்லை. ஒரு உயிர் வீடு தேடி அலைஞ்சதுக்குத்தான் நாங்கள் தவில் அடி போட்டிருக்கிறோம்.

"கூட்டிலேயே பிறந்த எலிக்குக் காடு எங்க தெரியப்போகுது?" என்று எங்களில் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. இண்டைக்கு உலகத்தில் வளர்க்கிற ஜெர்பில்களில் பெரும்பாலானவை 1935இல் பிடிச்சு யப்பானுக்குக் கொண்டுபோன ஒரு சின்னக் கூட்டத்தின் வழி வந்தவை. அங்கே இருந்து 1954இல் 11 சோடி ஐக்கிய அமெரிக்காவுக்குப் போய், ஆய்வுகூடங்களில் பெருகி, பிறகுதான் வீடுகளுக்கு வந்தது. எத்தனை தலைமுறை கூட்டுக்குள்ளேயே கழிஞ்சிருக்கும் என்று யோசியுங்கோ. அவ்வளவுக்குப் பிறகும் குட்டி கண் திறந்து கொஞ்ச நாளில் தோண்டத் தொடங்குது. அப்படி ஆழமாகப் பதிஞ்ச ஒன்றை ஏணியும் நிறப் பிளாஸ்ரிக்கும் ஈடு செய்ய ஏலாது.

எங்கட கருத்து இதுதான்: கடைக்கூடுகள் பெரும்பாலும் பார்க்கிற ஆளுக்காகச் செய்யப்பட்டவை. எல்லாப் பக்கத்தாலும் எலி தெரிய வேண்டும், இலேசாகத் தூக்கிக் கழுவ வேண்டும், விலையும் கட்டுப்பட வேண்டும். ஜெர்பிலுக்கு வேண்டியது ஆழம், இருட்டு, கடிச்சாலும் கெடுதி செய்யாத பொருட்கள். இரண்டும் ஒத்துப்போறதில்லை. கம்பியைக் கடிச்சு மூக்குப் புண்ணாகுது. கம்பி வைத்த சில்லின் இடைவெளியில் வால் சிக்கினால் தோல் உரிஞ்சு வந்திடும், திரும்ப வளராது. வாலில் பிடிச்சுத் தூக்கினாலும் அதே கதிதான்.

பிறகு நாங்கள் செய்தது இது. ஒழுகுது என்று ஒதுக்கி வைத்திருந்த மூன்றடி மீன்தொட்டி ஒன்று தெரிஞ்சவர் வீட்டில் கிடந்தது. ஜெர்பிலுக்குத் தண்ணி நிறைக்கத் தேவையில்லை, ஒழுக்கு எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பக்கம் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கும் மற்றப் பக்கம் 10 சென்ரிமீற்றருக்கும் சரிவாக நிரப்பினோம். அச்சடிக்காத கடதாசியைக் கிழிச்சு, உலர்ந்த புல்லும் காட்போட் துண்டுகளும் அடுக்கடுக்காகக் கலந்து அமத்தினால் வளை இடியாமல் நிற்குது. வெறும் மரத்தூள் பொலபொலவென்று சரிஞ்சிடும். மில்லில் இருந்து வாற நைசான தூள் மூச்சுக்கும் கூடாது, எந்த மரம், என்ன மருந்து பூசினது என்றும் தெரியாது. பஞ்சும் போடாதேங்கோ. நூல் காலில் சுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஆழமான பக்கத்தில், தொட்டியின் அடியிலேயே முட்டும்படி ஒரு சின்ன மண்முட்டியைச் சரிச்சு வைத்து, அதன் வாயில் இருந்து மேல வரைக்கும் காட்போட் குழாய் விட்டோம். அதுதான் இருட்டறை. கடிக்க ஏலாது, வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். பாரமான எதையும் புல்லுக்கு மேல வைக்கக் கூடாது, கட்டாயம் அடித்தளத்தில் நிற்க வேண்டும். இல்லாட்டி அதுகள் கீழ தோண்டிக்கொண்டு போகேக்க மேல விழுந்து நசுக்கிப்போடும். ஆழம் குறைஞ்ச பக்கத்தில் இடைவெளி இல்லாத பெரிய சில்லும் மணல் குளிக்க ஒரு தட்டும். மேல மரச்சட்டத்தில் கம்பிவலை மூடி, கொளுக்கியோட. எங்கட ஊரில் பூனை, சாரைப்பாம்பு, எறும்பு மூன்றுக்கும் யோசிக்க வேண்டும். எறும்புக்கு அம்மம்மா சோத்து அலுமாரிக்குச் செய்த வேலைதான்: மேசைக்கால் நாலையும் தண்ணிச் சிரட்டைக்குள் வைத்தோம்.

இவ்வளவு செய்தும் ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கட காலநிலை ஜெர்பிலுக்குச் சரிவராது. காற்றில் ஈரப்பதன் 50 வீதத்தைத் தாண்டினாலே மயிர் பிசுபிசுத்துக் குத்திட்டு நிற்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் வருசம் பூராவும் அதைவிடக் கூடத்தான். கார்த்திகை மழைக்கு எங்கட இரண்டும் எண்ணெய் தடவின மாதிரித் திரிஞ்சுதுகள். மூடி முழுக்கக் கம்பிவலையாக விட்டது, மணலை அடிக்கடி மாத்தினது, நனைஞ்ச புல்லை உடனே எடுத்தது எல்லாம் கொஞ்சம் உதவிச்சு. சித்திரை வெயிலுக்குத் தொட்டியை யன்னல் பக்கமே வைக்கேலாது. கண்ணாடி வெப்பத்தைப் பிடிச்சு வைத்துக் கொண்டிடும்.

பக்கத்து வீட்டு அன்ரி பார்த்திட்டுச் சொன்னா, "மனிசருக்கே வீடில்லை, நீங்கள் எலிக்கு மாளிகை கட்டுறியள்." சிரிச்சுக்கொண்டு சொன்னாலும் அது இலேசான கதை இல்லை. இந்த மண்ணில் வீடு என்ற சொல்லுக்கு எவ்வளவு பாரம் இருக்கு என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அன்ரியின் கேள்வி உண்மையில் வாங்குறதுக்கு முதல் கேட்க வேண்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டின பிறகு அதுகளால் தானாக ஒரு இடமும் தேடிப் போகேலாது. பூட்டின எங்களுக்குத்தான் பொறுப்பு. மீன்தொட்டியும் மண்முட்டியும் பழைய காட்போட்டும் மாளிகைச் செலவும் இல்லை, கடைக்கூட்டை விடக் குறைவாகத்தான் முடிஞ்சுது.

அதனால் எங்கட நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். ஏற்கனவே வைத்திருக்கிறவை, கூட்டை மாத்துங்கோ. எலியை மாத்தத் தேவையில்லை. தனியாக இருந்தால் பாவம் என்று புது எலியை நேரே உள்ளே விடாதேங்கோ, ஜெர்பில்கள் அந்நியரைக் கடிச்சே கொல்லும். துப்புரவாக்கேக்க முழுதையும் கொட்டிப்போடாமல் பழைய புல்லில் கொஞ்சத்தையும் வளையில் ஒரு பகுதியையும் விடுங்கோ, அது அதுகளின்ர மணம்.

இன்னும் வாங்காதவை, முதல் வீட்டைக் கட்டுங்கோ. வெறும் தொட்டியாக ஒரு மாசம் அறையில் வைத்துப் பாருங்கோ. வெயில் எந்தப் பக்கம் விழுது, மழைக்குப் புல் எவ்வளவு கெதியா ஈரமாகுது, அந்த இடம் உங்களுக்கே இடைஞ்சலா, லீவுக்கு ஊருக்குப் போனால் ஆர் பார்ப்பினம்? அந்த ஒரு மாசத்தில் ஆசை போச்சென்றால் நல்லது, நட்டம் ஒரு பழைய தொட்டிதான். நாங்களே திரும்ப வாங்குவமா என்று கேட்டால், இந்த ஈரப்பதனுக்குள் வாங்கமாட்டோம்.

பெரியவன் புது வீட்டுக்குப் போன முதல் கிழமையே சுரண்டலை விட்டிட்டான். பகலில் மண்முட்டிக்குள்தான் கிடப்பான், நாங்கள் அவனைக் காணுறதே குறைவு. விருந்தாளிகள் வந்தால் "எங்க எலி?" என்று கேட்பினம், புல்லைத்தான் காட்டுவோம். சின்னவனுக்கு மூக்கு ஆறிட்டுது. ஆனால் பொழுதுபடேக்க மட்டும் வளையால வெளியில் வந்து கண்ணாடி மூலையில் ஒரு ஐந்து நிமிசம் சுரண்டுவான். குட்டியில் பழகினது இலேசில் போகாதாம். நாங்கள் ஒருத்தரும் இப்ப அதைப் படம் எடுக்கிறதில்லை.