இடது கைக்காரியின் விமானம்

உங்கள் வீட்டில் விமானம் ஓட்டுகிற குழந்தை உண்டா? சிரிக்காதீர்கள், அம்மா. கம்ப்யூட்டர் திரையில் ஓடுதளமும் ஆகாயமும் தெரிய, மேஜைமேல் ஒரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கூப்பிட்டால் காதில் விழாமல் உட்கார்ந்திருப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ என்று பெயர். சென்ற மாதம் மரக்காணம் போய்வரும் வரையில் நானும் அதை ‘இன்னொரு வீடியோ கேம்’ என்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

மரக்காணத்தில் என் தங்கை குடித்தனம் செய்கிறாள். அவள் கணவர் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறவர். வாசலில் நின்றால் பாத்தி பாத்தியாக உப்பளம். காற்று அடித்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். அவர்கள் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். 2024 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து இண்டிகோவின் சின்ன விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது, அப்பாவை நச்சரித்து லாஸ்பேட்டை வரை அழைத்துப் போகச் சொல்லிப் பார்த்து வந்தவள். அன்றிலிருந்து பைலட் ஆவேன் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

நான் போன அன்று வீட்டில் ஒரே கலவரம். போன வருஷம் வாங்கிக் கொடுத்த ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டது. கையை எடுத்தாலும் விமானம் தானாக இடது பக்கம் சாய்கிறதாம். “பாழாய்ப்போன விளையாட்டுக்கு மறுபடியும் பல ஆயிரமா?” என்று அப்பா. “இது விளையாட்டு இல்லை, பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்கள்” என்று பெண். பாட்டிக்கு வேறு குறை: “அந்த ராட்டினத்தைக்கூட இடது கையால்தான் பிடிக்கிறாள். நல்ல காரியத்துக்கு இடது கையா?” குழந்தைக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பழைய ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் நாலு திருகாணியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவுடன், “யாரம்மா இதில் தேங்காய் எண்ணெய் விட்டது?” என்றார். என் தங்கை மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பிடி கிரீச்சிட்டதாம், கதவுக் கீலுக்கு விடுகிற மாதிரி விட்டிருக்கிறாள். எண்ணெயில் தூசி ஒட்டி மை போல ஆகியிருந்தது. அது போதாதென்று செப்புப் பகுதிகளில் பச்சைக் களிம்பு வேறு.

“எண்ணெய் இல்லாவிட்டாலும் இது உங்கள் ஊரில் ரொம்ப நாள் உழைத்திராது” என்றார் அவர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழைத் திருகினால் கரகரவென்று இரையுமே, நினைவிருக்கிறதா? அதற்குள்ளே ஒரு கரித்தடம். அதன்மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும். தடம் தேய்ந்தாலும் அழுக்கு ஏறினாலும் கரகரப்பு. விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலும் இருப்பது அதே சமாசாரந்தான். ரேடியோவில் இரைச்சலாகக் கேட்டது, இங்கே விமானம் தானாகச் சாய்வதாகத் தெரிகிறது. உப்புக் காற்று வேறு. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். நடு இடத்துச் சின்ன அசைவுகளைக் கவனிக்காதே என்று புரோகிராமிலேயே சொல்லி வைத்தால் சில மாதம் தாக்குப்பிடிக்கும். பிறகு பழைய கதைதான்.

இதற்கு மாற்று உண்டு. உரசலே இல்லாமல், ஒரு காந்தம் அசைவதைக் கொண்டு கைப்பிடி எங்கே இருக்கிறது என்று அறியும் முறை. 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த விளைவு அது; அதனால் ‘ஹால் சென்சார்’ என்கிறார்கள். உரசல் இல்லையென்றால் தேய்மானமும் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆனால் ஜாக்கிரதை! முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைப்பதற்கு மட்டும் காந்தம் வைத்துவிட்டு, கைப்பிடியைத் திருகுவதற்குப் பழைய கரித்தடத்தையே வைத்திருப்பதும் உண்டு. அந்தத் திருகல் விமானத்தின் சுக்கானுக்கு. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைப் பையன் ஒரு ஜோடியை எடுத்து வைத்தான்: வலது கைக்கு ஜாய்ஸ்டிக், இடது கைக்கு ‘த்ராட்டில்’ என்கிற விசைப்பிடி. பார்க்க ஜோராக இருந்தது. எங்கள் பெண் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது, பெரியம்மா” என்றாள். கைப்பிடியின் வளைவுகள் எல்லாம் வலது கை விரல்களுக்கென்றே செய்தவை. வலது கையால் பழகிக்கொள் என்று சொல்ல என் தங்கை வாயெடுத்தாள்.

அப்போதுதான் பெண் ஒரு விஷயம் சொன்னாள்; எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலது கையில் ஜாய்ஸ்டிக், இடது கையில் விசைப்பிடி என்பது போர் விமானத்து வழக்கமாம். பயணி விமானத்தில் கேப்டன் உட்காருவது இடது ஆசனம். ஏர்பஸ் விமானத்தில் கேப்டனுடைய கைப்பிடி அவருக்கு இடது பக்கம். இடது கையாலேயே விமானத்தை நடத்துகிறார். விசைப்பிடிகள் நடுவில், வலது கைக்கு. பறக்கக் கற்றுக்கொள்பவர்கள் ஓட்டும் செஸ்னா 172-லும், இடது ஆசனத்தில் மாணவர் உட்கார்ந்து இடது கையால் கொம்பு போன்ற சக்கரத்தைப் பிடித்து, வலது கையால் விசைக் குமிழை உள்ளே தள்ளுகிறார். தள்ளினால் வேகம் கூடும்.

பாட்டிக்கு அன்றிரவே இதைச் சொல்லிவிட்டேன்.

ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்னால், குழந்தை எந்த விமானத்தின் எந்த ஆசனத்தில் உட்காருகிறது என்று கேளுங்கள். சண்டை விமானந்தான் ஆசையென்றால் கடைப் பையன் காட்டிய ஜோடி சரி. பயணி விமானம் என்றால், எந்தக் கைக்கும் பொருந்துகிற கைப்பிடியும், தனியாக நகர்த்தி வைக்கக்கூடிய விசைப்பிடியும் வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டர் கம்பெனியின் டி.16000எம் என்ற ஜாய்ஸ்டிக்கில் சில பாகங்களைக் கழற்றி மாற்றி இடது கைக்குப் பொருத்தலாம். ஹால் சென்சாரும் உண்டு. ஏர்பஸ் கைப்பிடியின் சாயலில் அவர்களே செய்வதும் இரு கைக்கும் ஆகும். சில ஜாய்ஸ்டிக்குகளின் அடியில் விரலளவு விசைப்பிடி ஒன்று இருக்கும். ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் இறங்கும்போது விசையை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைக்க வேண்டும், பால் பொங்கும் நேரத்து அடுப்பு மாதிரி. அதற்கு நீளமாக நகரும் தனிப்பிடிதான் சௌகரியம்.

கடையிலேயே கைப்பிடியை வேகமாக இழுத்துப் பாருங்கள். அடிப்பாகம் மேஜையை விட்டு எழும்பினால் வேண்டாம். கம்ப்யூட்டருக்கா, விளையாட்டுப் பெட்டிக்கா என்று அட்டையில் போட்டிருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதிய புரோகிராம்களுக்குப் பலமான கம்ப்யூட்டர் வேண்டும். எங்கள் பெண் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் ‘ஃப்ளைட்கியர்’ என்பதை வைத்திருக்கிறாள். அதற்குக் காசே கிடையாது. செஸ்னா 172-உம் அதில் இருக்கிறது.

அவள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இது விளையாட்டா, படிப்பா? 1929-ல் எட்வின் லிங்க் என்பவர் தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு ஒரு பறக்கும் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். பைலட்டுகளுக்கும் கேளிக்கைக்கும் என்று இரண்டையும் சொல்லித்தான் பேடண்ட் வாங்கினார். முதலில் வாங்கியவர்களில் கேளிக்கைப் பூங்காக்காரர்களே அதிகம். 1934-ல் அமெரிக்க ராணுவம் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப் போருக்குள் சுமார் ஐந்து லட்சம் பைலட்டுகள் அதில் பழகினார்கள். நம் ஊர் நிலவரமும் சொல்ல வேண்டும். வர்த்தக பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் நிஜ ஆகாயத்தில் பறக்க வேண்டும். வீட்டு மேஜையில் பறந்தது ஒரு நிமிஷம்கூடக் கணக்கில் சேராது. அதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். “தெரியும், பெரியம்மா. கை பழகுமில்லையா?” என்றாள்.

பெண்ணா பைலட் என்று பாட்டி இழுத்ததற்கும் பதில் வைத்திருந்தேன். 1951-லேயே, சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கணவர் சுந்தரத்துடன் சேர்ந்து 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர் சென்னையில் பிறந்த உஷா சுந்தரம்.

கடைசியில் இரு கைக்கும் ஆகும் ஜாய்ஸ்டிக்கை வாங்கினோம். தனி விசைப்பிடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அப்பா சொல்லியும், என் பங்காக நான் வாங்கிக் கொடுத்தேன். ஆடி முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதோடு போட்டு மூடச் சொல்லியிருக்கிறேன். ஈரத் துணியால் துடைப்பது கூடாது. எண்ணெய், கூடவே கூடாது. நான் கிளம்பும் அன்று பார்த்தால் ஜாய்ஸ்டிக் நகராமல் இருக்க என் தங்கை அதன் மேல் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தூக்கி வைத்திருந்தாள்! எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போட்டேன்.

காலால் மிதிக்கும் சுக்கான் பெடலும் கடையில் இருந்தது. அதற்கு மழை விட்டு அடுத்த உப்புப் பருவம் பிறக்கட்டும் என்று அப்பா தவணை சொல்லியிருக்கிறார். அதுவரை மேஜைக்கு அடியில் பாட்டியின் தையல் மெஷின் மிதிகட்டையில் கால் வைத்துக்கொண்டு பறக்கிறாள்.