ஒளியை வேண்டுமென்றே வீணடிக்கும் விஞ்ஞானிகள்: இழப்பு எப்படி லேசருக்கு உதவும்?

ஒளியை வைத்து வேலை செய்யும் பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலி எது என்று கேட்டால், பெரும்பாலும் ‘இழப்பு’ என்றுதான் பதில் வரும். ஃபைபர் கேபிளில் செல்லும் ஒளி, தூரம் போகப் போக மங்கிவிடும். அதனால்தான் கடலடி இணைய கேபிள்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை ஒளியைப் பெருக்கும் கருவிகளைப் பொருத்துகிறார்கள்.

ஆனால், இந்த இழப்பையே வேலை வாங்க முடியும் என்கிறது இயற்பியலின் ஒரு பிரிவு. ஒரு பொருளின் ஒரு பக்கம் ஒளியைப் பெருக்க வேண்டும், மறுபக்கம் அதே அளவுக்கு உறிஞ்ச வேண்டும். வரவும் செலவும் சமமாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘பிடி சமச்சீர்மை’. துல்லியமான லேசர், அதிநுட்பமான சென்சார் எனப் பல வாக்குறுதிகள் இதன் பெயரில் தரப்பட்டன. அவற்றில் எது தேறியது, எது தேறவில்லை?

தொடங்கியது எங்கே?

1998-ல் கார்ல் பெண்டர், ஸ்டீபன் போட்சர் ஆகிய இரு இயற்பியலாளர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இதன் தொடக்கம். ஆற்றல் வெளியே கசியாத அமைப்புகளில்தான் ஆற்றலின் மதிப்பு மெய்யெண்ணாக வரும் என்பது குவாண்டம் பாடப்புத்தகங்களின் வழக்கமான பார்வை. ‘அது கட்டாயமில்லை, வேறொரு சமச்சீர்மை இருந்தாலே போதும்’ என்று இருவரும் காட்டினார்கள். இடத்தைக் கண்ணாடி பிம்பம்போல இடம் வலம் மாற்றி, காலத்தையும் பின்னோக்கி ஓட்டினால், அமைப்பு பழையபடியே இருக்க வேண்டும். ‘பாரிட்டி’, ‘டைம்’ என்ற இரண்டு சொற்களின் சுருக்கமே பிடி.

ஒளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மெல்லிய ஒளிப்பாதையில் ஒளி பரவுவதற்கான சமன்பாடும், குவாண்டம் துகளுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாடும் ஒரே வடிவம் கொண்டவை. காகிதத்தில் இருந்த கணக்கை ஒளியை வைத்து நேரில் சோதிக்கலாம் என்பதை, 2007, 2008-ல் டெமெட்ரியோஸ் கிறிஸ்டோடூலிடிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

தண்ணீர்த் தொட்டி கணக்கு

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் குழாய்த் தண்ணீர் விழுகிறது. மற்றொன்றில் அதே அளவு தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேறுகிறது. நடுவில் இரண்டையும் இணைக்கும் குழாய் அகலமாக இருந்தால் பிரச்னையே இல்லை. வந்த தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும், மட்டம் நிலையாக இருக்கும். இணைப்புக் குழாய் குறுகலாக இருந்தால்? ஒரு தொட்டி நிரம்பி வழியும், இன்னொன்று காய்ந்துவிடும்.

ஒளியிலும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு ஒளிப்பாதைகளுக்கு இடையிலான இணைப்பு வலுவாக இருக்கும்வரை, ஒளி இரண்டிலும் மாறி மாறி ஓடும். பெருக்கமும் இழப்பும் இணைப்பை மிஞ்சிவிட்டால், ஒளி பெருக்கும் பாதையிலேயே குவியும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள எல்லைதான் ‘எக்ஸெப்ஷனல் பாயிண்ட்’. இரண்டு தனித்தனி ஒளி அலைவுகள் அங்கே ஒன்றாகிவிடும்.

2010-ல் இரும்பு கலந்த லித்தியம் நியோபேட் படிகத்தில் இது நேரடியாகவே பார்க்கப்பட்டது. எல்லையைத் தாண்டியதும், எந்தப் பாதையில் ஒளியைச் செலுத்தினாலும் அது பெருக்கும் பாதை வழியாகவே வெளியே வந்தது.

இழப்பு கூடினால் லேசர் எரியுமா?

எரிந்தது. 2014-ல் லான் யாங் தலைமையிலான அமெரிக்கக் குழு, இணைந்த இரண்டு நுண் ஒளிவளையங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் குரோமியம் பூசிய நுண்முனையால் இழப்பைக் கூட்டிக்கொண்டே போனது. முதலில் லேசர் மங்கி அணைந்தது. இழப்பை இன்னும் கூட்டியபோது மீண்டும் எரிந்தது. காரணம், எல்லையைத் தாண்டியதும் ஒளி இழப்புள்ள வளையத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல வளையத்துக்குள் ஒதுங்கிக்கொண்டதுதான்.

அதே ஆண்டில் வேறு இரண்டு குழுக்கள், பல நிறங்களில் ஒளிரக்கூடிய நுண்வளைய லேசரை ஒரே நிறத்தில் ஒளிர வைத்தன. வலுவான அலைவு மட்டும் எல்லையைத் தாண்டும், மற்றவற்றின் பெருக்கத்தை இழப்பு விழுங்கிவிடும்.

சென்சாரில் என்ன சிக்கல்?

பெரிய பரபரப்பு 2017-ல் வந்தது. சாதாரண சென்சாரில், பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் நடந்தால் சமிக்ஞையும் அதே விகிதத்தில்தான் மாறும். எக்ஸெப்ஷனல் பாயிண்டில் அது வர்க்கமூலமாக மாறும், அதாவது நூறில் ஒரு பங்கு. 100 மடங்கு பெரிய சமிக்ஞை! நுண்துகள் ஒன்று ஒட்டினாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிக்கை பிறந்தது. சோதனைகளிலும் சமிக்ஞை பெரிதானது உண்மை.

ஆனால், சமிக்ஞை பெரிதாவது வேறு, அளவீடு துல்லியமாவது வேறு. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுவதைப் போலத்தான் இதுவும். கால்டெக் நிறுவனத்தின் கெரி வஹாலா குழு, 2019-ல் லேசர் ஜைரோஸ்கோப்பில் சமிக்ஞை பெரிதாவதைக் காட்டியது. 2020-ல் அதே குழு இரைச்சலையும் அளந்து பார்த்தது. சமிக்ஞையில் கிடைத்த லாபத்தை இரைச்சல் ஈடுகட்டிவிட்டது. இது எல்லா வகை சென்சாருக்கும் பொருந்துமா என்ற விவாதம் தொடர்கிறது.

அப்படியென்றால் பயன் எங்கே?

எந்த அலைவு ஜெயிக்க வேண்டும், ஒளி எங்கே குவிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலைகளில் இந்த உத்தி கைகொடுத்திருக்கிறது. ஒளியைத் தாண்டியும் இது போயிருக்கிறது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இதே தத்துவத்தில் இயங்கும் மின்சுற்று மூலம், சுமார் ஒரு மீட்டர் வரை தூரம் மாறினாலும் கம்பியில்லாமல் சீராக மின்சாரம் அனுப்பிக் காட்டினார்கள்.

மிகச் சிறிய மாற்றத்தை அளக்கும் வேலையில்தான் கவனம் தேவை. ‘எக்ஸெப்ஷனல் பாயிண்ட் சென்சார்’ என்று அடுத்த அறிவிப்பு வரும்போது, சமிக்ஞை எத்தனை மடங்கு கூடியது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. இரைச்சல் எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு நேராகும்.