ஹைபிரிட் பற்றரி: மாற்றுவதா, விற்பதா?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோர ஊர்களில் எந்தக் கடைத்தெருவில் நின்று பார்த்தாலும் அக்குவா, அக்சியோ, பிரியஸ், ஹொண்டா பிட் என்று ஹைபிரிட் கார்கள் வரிசையாகப் போகும். 2009ல் யுத்தம் முடிந்த பின்னர் வந்த பத்து வருடங்களில் நமது வர்த்தகர்கள் பலர் இவற்றை வாங்கினார்கள். பெற்றோல் மிச்சம், அரசாங்கம் ஹைபிரிட்டுக்குக் குறைந்த வரி விதித்த காலமும் ஒன்று இருந்தது. அன்று வாங்கியவற்றில் பல இன்று பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டன. அதனால்தான் இப்போது கடைக்குக் கடை ஒரே பேச்சு: "பற்றரி போயிட்டுது காக்கா, மாத்துறதா, வித்துப்போடுறதா?"

இக்கேள்வியை நாம் மெக்கானிக்கிடமும் வாகனத் தரகரிடமும் கேட்கிறோம். அவரவர் தத்தம் தொழிலுக்கு ஏற்றபடி பதில் சொல்கிறார்கள். வியாபாரி ஒருவன் கேட்க வேண்டிய கணக்கு வேறு. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். அக்குவா, அக்சியோ போன்றவற்றில் உள்ளது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்து ஒரு கட்டு. அப்படி 20 கட்டுகள் தொடராக இணைந்து 144 வோல்ட். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 கட்டுகள், 201.6 வோல்ட். சங்கிலிபோல் இணைந்திருப்பதால் ஒரு கட்டு பலவீனமானாலும் முழுப் பற்றரியும் தளர்ந்துவிடும். 2013க்குப் பின்னர் வந்த ஹொண்டா பிட் ஹைபிரிட்டில் இருப்பது லித்தியம் வகை. அதனைக் கண்டவர் திறந்து ஒட்டுப்போடுவது மிகவும் ஆபத்து.

இதன் ஆயுள்தான் எவ்வளவு? அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி தனது ஹைபிரிட் பற்றரிக்கு 8 வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் உத்தரவாதம் கொடுத்து வந்தது. 2020ஆம் ஆண்டு மொடலிலிருந்து அதனை 10 வருடம் அல்லது ஒன்றரை இலட்சம் மைலாகக் கூட்டியது. செய்தவனே பத்து வருடத்துக்கு மேல் பொறுப்பேற்காத பொருள் நம்மிடம் பன்னிரண்டாம் வருடத்தில் களைத்துப்போனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நமது பிரதேசத்தில் அது இன்னும் சீக்கிரமாகக் களைப்பதற்கும் காரணங்கள் உண்டு. பற்றரியைக் குளிராக்கும் விசிறி, பின்சீட்டுப் பக்கமுள்ள துவாரத்தினால்தான் காற்றை இழுக்கிறது. மருதமுனைச் சாரன் கட்டுகளையும் புறக்கோட்டையில் கொள்வனவு செய்த பெட்டிகளையும் பின்சீட்டில் அடுக்கி அந்தத் துவாரத்தை மூடிக்கொண்டு வருகிறோம். மஹியங்கனை மலை வளைவுகளில் ஏறி இறங்கும்போது பற்றரி அதிகம் உழைத்துச் சூடாகும்; அந்த நேரத்தில்தான் அதன் மூக்கைப் பொத்தி வைக்கிறோம். கடற்காற்றின் உப்பு, கட்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் களிம்பு ஏற்றுகிறது. 2020ல் ஊரடங்கிலும் 2022ல் பெற்றோல் இல்லாமலும் வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றதும் இவ்வகைப் பற்றரிக்குக் கேடுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். இலகுவுக்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓட்டம். பற்றரி நன்றாக இருந்தால் லீற்றருக்கு 18 கிலோமீற்றர், தளர்ந்தால் 14. முதலாவதற்கு மாதம் 83 லீற்றர், இரண்டாவதற்கு 107 லீற்றர். வித்தியாசம் 24 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 7,200 ரூபா. புதிய பற்றரி நாலரை இலட்சம் என்று வைத்தால், பெற்றோல் மிச்சத்தினால் மட்டும் அதனை மீட்க ஐந்து வருடங்களுக்கு மேல் செல்லும். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது போன்ற விலை நின்றால் மூன்றே கால் வருடம்.

இவ்விடத்தில் பலர் "அப்படியென்றால் பிரயோசனமில்லை" என்று கொப்பியை மூடிவிடுகிறார்கள். கணக்கு இன்னும் முடியவில்லை. டொயோட்டா ஹைபிரிட்டில் என்ஜினைக் கிளப்புவதே இந்தப் பெரிய பற்றரிதான். அது முற்றாகச் செத்தால் வண்டி அசையாது. கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் கூடிய பயணம் போகும் ஒருவருக்கு நடுக்காட்டில் வண்டி நின்றால் இழுத்துவரும் கூலியும், அன்றைய வியாபாரமும், உடன் வந்த பிள்ளைகுட்டிகளின் பாடும் யார் கணக்கில் சேர்வது?

மற்றது, மாற்று வாகனத்தின் விலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022ல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பழைய காரை விற்று அதைவிட நல்லதொன்றை வாங்கப் போனால் கையிலிருந்து போடும் பணம் பற்றரி விலையைப்போல் பல மடங்காகும். பற்றரி பழுதென்று தெரிந்து வாங்குபவரோ பற்றரி விலையை மட்டும் கழிக்கமாட்டார். தனது பயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். என்ஜினும் பொடியும் நன்றாக இருந்து, இன்னும் நாலைந்து வருடம் வைத்து ஓட்டும் எண்ணமிருந்தால், எழுத்திலான உத்தரவாதத்துடன் புதிய பற்றரி போடுவதே இலாபம். என்னுடைய அக்சியோவுக்கும் இதையேதான் தீர்மானித்திருக்கிறேன். பொடி கறள் பிடித்து, என்ஜினும் ஒயில் குடிக்கத் தொடங்கிய வண்டிக்குப் புதுப் பற்றரி வீண்செலவு. உள்ளதைச் சொல்லி விற்றுவிடுங்கள். பழுதான ஓரிரு கட்டுகளை மட்டும் மாற்றுவது சில மாதங்களுக்கான ஒட்டுத்தான். ஒரே வயதுடைய மற்றக் கட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

தீர்மானிக்க முன்னர் மூன்று விடயங்களைச் செய்யுங்கள். சிறிய 12 வோல்ட் பற்றரியைச் சோதியுங்கள். அது தளர்ந்தாலும் டாஷ்போர்டில் பல லைட்டுகள் எரியும். விசிறியைத் துப்புரவு செய்யுங்கள். பின்னர் ஸ்கேனர் போட்டு, ஓட்டத்தில் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பற்றரிக்கு என்ன கழிப்பீர்கள் என்றும் கேளுங்கள். அதிலுள்ள நிக்கலுக்கு விலையுண்டு. செம்மஞ்சள் வயரில் மாத்திரம் பழக்கமில்லாதவரைக் கைவைக்க விடாதீர்கள், அது ஆளைக் கொல்லும்.

இன்னுமொரு விடயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒட்டுப்போட்டு, லைட்டை அழித்து, "பற்றரி பக்காக் கொன்டிஷன்" என்று விற்கும் பழக்கம் நம்மவர்களிடையேயும் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சிறுகடைக்காரத் தம்பி, மனைவியின் நகையை விற்று அப்படியொரு கார் வாங்கினார். மூன்று மாதத்தில் அது நின்றது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் ஜும்ஆவில் கேட்காதவர்களல்லர். காரின் பின்சீட்டுக்குக் கீழேயுள்ள ஈரமும் அதே ஈரம்தான். விற்பனைக்கென்று வைத்திருக்கும் வாகனத்துக்கு ஸகாத்தும் உண்டு. ஸகாத் கணக்கில் பற்றரி பழுதென்று விலையைக் குறைத்துக் காட்டி, வாங்க வருபவரிடம் நல்லதென்று கூட்டிச் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

கடைசியாக, இதற்காக வட்டிக்குப் போகத் தேவையில்லை. நாலரை இலட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 7,500 ரூபா. இன்று பற்றரி நன்றாக ஓடும் சகோதரர்கள், பெற்றோலில் மிஞ்சுவதை இன்றிலிருந்தே ஒரு சீட்டிலோ தனிப் பெட்டியிலோ போட்டு வையுங்கள். அந்த நாள் வரும்போது, இன்ஷா அல்லாஹ், கடைக் கல்லாவில் கைவைக்க நேராது.